பாதியில் நிற்கும் ஆட்டம்

அதெல்லாம் இல்லை. பல்லுக்காரி பெற்ற அப்பாவை அம்போ என்று விட்டுவிட்டுப் போனாள் என்று இந்தத் தெருவில் யார் சொன்னாலும் அது தப்பு. தப்பு என்றால் தப்புதான்.

பேச்சைக் கிளப்பியது எதிர்வீட்டு மாவு மில்காரி. அவள் கெட்டவள் ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக மில் ஓடும் சத்தத்திலேயே நின்று பழகியதால், ரகசியத்தைக்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரித்தான் அவளுக்குச் சொல்ல வரும்.

"நான் வாசல்ல நின்னு பாத்துட்டுதானே இருந்தேன். ரெண்டு காய் வெட்டுக்கு நிக்குது. எனக்கே தெரியுது. அதை வெட்டி, அந்த மனுஷனோட ஆட்டத்தை முடிச்சுக் குடுத்துட்டுப் போனா என்ன குறைஞ்சா போயிடுவா? கை வெளங்காதவரு பலகையப் பாத்துட்டே உக்காந்திருக்காரு. இவ பையத் தூக்கிட்டு நடையக் கட்டிட்டா."

அவள் பார்த்தது நிஜம். ஆட்டப் பலகை பாதியில் கிடந்ததும் நிஜம். ஆனால் அந்த வீட்டில் பாதியில் கிடக்கிற பலகைக்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பே நடந்த சமாசாரம் அது. பல்லுக்காரிக்கு அப்போது வயது ஐந்து. அவளுக்குப் பல் விழ ஆரம்பித்திருந்த காலம். அடுத்தவர் பல்லைப் பற்றியெல்லாம் அவள் யோசித்திருக்கக்கூட மாட்டாள்.

அப்பா சரக்கு லாரி ஓட்டினார். போனால் எட்டு நாள், பத்து நாள். வந்தால் இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று. வந்ததும் குளித்து, சாப்பிட்டு, ஒரு முழு நாள் மரக்கட்டை மாதிரி தூங்குவார். எழுந்ததும் முதல் வேலை, ஜன்னல் திண்டில் இருக்கும் பலகையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வது.

அந்தப் பலகை அவர் கையாலேயே செய்தது. உடைந்த சரக்குப் பெட்டியின் மூடி. வரிசைக்கு எட்டு என்று கட்டம் போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றுக்கு நம்பர் பிளேட் எழுதுகிற கறுப்புப் பெயின்டைத் தடவியிருந்தார். காய்களுக்கு வழிநெடுகக் கடைகளில் பொறுக்கிய சோடா மூடிகள். ஆளுக்குப் பன்னிரண்டு. அப்பாவின் மூடிகள் நேராக உட்கார்ந்திருக்கும். மகளின் மூடிகள் பல்லைக் காட்டிக்கொண்டு மல்லாந்திருக்கும். குறுக்காக ஒரு கட்டம் முன்னால் போகலாம். எதிராளியின் காயைத் தாண்டிக் குதித்தால் அது வெட்டு. மறுகோடியைத் தொட்டுவிட்டால் தலையில் இன்னொரு மூடியை ஏற்றி ராஜா ஆக்கிவிடுவார்கள். அவ்வளவுதான் ஆட்டம்.

அவர் மகளைக் கிளீனர் என்றுதான் கூப்பிடுவார். லாரியில் கூட வருகிற கிளீனருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

"என்ன கிளீனரே, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக்கட்டுமா?"

"ரிவர்ஸ் கெடையாதுப்பா. முன்னாடிதான் போகணும்."

"ராஜா மட்டும் போறாரு?"

"ராஜா எங்க வேணா போலாம்."

"அப்ப நம்ம முதலாளிதான் ராஜா. நான் வெறும் மூடி."

விளையாட்டில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஐந்து வயசுக் குழந்தை என்று பார்க்காமல் வெட்டுவார். மகள் உதட்டைப் பிதுக்குவாள், கண்ணில் தண்ணீர் கட்டும், அப்போதும் வெட்டுவார். அம்மாவுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஓட்டலுக்குத் துணி வெளுக்கும் இடத்தில் அம்மாவுக்கு வேலை. நாள் முழுக்க நீராவியில் நின்றுவிட்டு வந்து இந்தக் கூத்தையும் பார்க்க வேண்டும்.

"குழந்தைகிட்டப் போய் ஜெயிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"தோத்துக் குடுத்தா அவளுக்குத் தெரியாதுன்னு நெனக்கிறியா? அப்புறம் நெசமா ஜெயிச்சாலும் நம்ப மாட்டா."

இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவர் கிளம்புகிற நாள்தான் அந்த வீட்டில் பெரும்பாடு. மகள் அவருடைய செருப்பை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைப்பாள். சட்டையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை இழுபடுவாள். ஒருமுறை லாரியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா தூக்கிக்கொண்டு வந்து இரண்டு போட்டாள். அழுகை அதிகமானதுதான் மிச்சம்.

அப்படி ஒரு கிளம்புகிற நாள். ஆட்டம் பாதியில் இருந்தது. வெளியே லாரியில் காத்திருந்த இன்னொரு டிரைவர் ஹாரனை அழுத்தினார். அப்பா எழுந்தார். மகள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"முடிச்சுட்டுப் போப்பா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். மூடியைத் தொடவில்லை.

"இங்க பாரு கிளீனரே. இப்ப முடிச்சுட்டா எனக்கு இங்க என்ன பாக்கி? எதுக்குத் திரும்பி வரணும்? பாதியில நின்னாத்தானே முடிக்கிறதுக்கு வந்தாகணும். நீ உன் காய வையி."

மகள் யோசித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு மூடியைத் தள்ளினாள்.

"வெச்சுட்டியா? அடுத்தது என் காய். என் காய் நிக்குது. நான் வந்துதான் ஆகணும். வேற யாரும் தொடக்கூடாது."

அன்றைக்குச் செருப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவளே அரிசி டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அது சட்டமாகிவிட்டது. வீட்டில் இருக்கும் நாளில் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடி முடிக்கலாம். ஆனால் கிளம்புகிற அன்றைக்குப் புதிதாக ஒன்று தொடங்கி, பாதியில் நிறுத்த வேண்டும். கிளம்புகிறவரின் காய்தான் நிற்க வேண்டும். பலகை ஜன்னல் திண்டில் அப்படியே கிடக்கும். மகள் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். அப்பா எப்போது வருவார் என்று அம்மாவிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். பலகை பாதியில் இருக்கிறதே, வராமல் எங்கே போவார்?

அவளுக்கு ஏழு வயதானபோது அந்தச் சட்டத்துக்கு ஒரு சோதனை வந்தது. அம்மா ஒருநாள் சுவருக்கு வெள்ளை அடித்தாள். ஜன்னல் திண்டை ஒழிக்க வேண்டியிருந்தது. மூடிகளை மொத்தமாக வாரி ஒரு டின்னில் கொட்டி, பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் வெறும் திண்டைப் பார்த்தாள். அழவில்லை.

"அம்மா, இனிமே அப்பா வர மாட்டாரு."

"ஏன்டி இப்படிப் பேசுற? மூடிதானே, எடுத்து வெச்சுக்கோ."

அந்த நேரம் பார்த்து அப்பாவும் வரவில்லை. பத்தாம் நாள் போயிற்று, பதினைந்தாம் நாள் போயிற்று. எங்கேயோ மழையில் பாலம் உடைந்து லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்று லாரி ஆபீஸில் சொன்னார்கள். மகளுக்குப் பாலமெல்லாம் கணக்கில்லை. மூடியை வாரியதால்தான் அப்பா வழியில் நின்றுவிட்டார். அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். தட்டை வாங்குவாள், சாப்பிடுவாள், வாயைத் திறக்க மாட்டாள். பலகையைத் திண்டில் எடுத்து வைத்து, எந்த மூடி எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று, அப்பாவுக்கு ஒரு காயைக் கூடுதலாகவே வைத்தாள்.

இருபத்தோராம் நாள் அவர் வந்தார். முகமெல்லாம் தாடி, சட்டை முழுக்கச் சேறு. குளிக்கப் போவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் போய்ப் பலகையைப் பார்த்தார். நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு தன்னுடைய மூடிகளில் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இவரு என் ஆளு இல்ல. வழியில லிஃப்ட் கேட்டு ஏறியிருக்காரு."

அவ்வளவுதான் சொன்னார். மகள் அன்று சாயங்காலமே அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் பெரியவளான பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருபத்தொரு நாள் வழியில் கிடந்த மனுஷனுக்கு, இருபது மூடிகளில் எது எங்கே இருந்தது என்று தெரிந்திருக்கிறது. வீட்டு ஜன்னலில் கிடந்த பலகை, அவர் தலைக்குள்ளும் அப்படியே கிடந்திருக்கிறது. அந்த லிஃப்ட் கேட்ட மூடியை லாரியில் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார், லாரி ஓட்டிய கடைசி நாள் வரை.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. வாயால் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதற்குப் பதில், தூசி தட்டும்போது ஒவ்வொரு மூடியாகத் தூக்கி, அடியில் துடைத்து, அதே கட்டத்தில் வைப்பாள். "வேற வேலை இல்ல இந்த வீட்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே பன்னிரண்டு வருஷம் அப்படித் துடைத்தாள். மகளுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்து அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அந்த மூடிகளை மகள் துடைத்தாள்.

மகள் பல் செட் செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். ஒரு பல் டாக்டருடைய கிளினிக்கின் பின்னறையில் அவளுக்கு ஒரு மேஜை, ஒரு விளக்கு. மெழுகை உருக்கி ஈறு செய்வாள். வெள்ளையிலேயே பத்துப் பதினைந்து வெள்ளை உண்டு. வருகிறவர் முகத்துக்கு எது பொருந்தும் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்று பெயர் நின்றுவிட்டது. பாதித் தெரு அவள் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறது. மாவு மில்காரியின் மேல் வரிசையும் அவள் செய்ததுதான். அந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான் அவளைப் பேசுகிறாள், பேசட்டும்.

அப்பாவுக்கும் அவளே முழு செட் செய்து கொடுத்தாள். அவரோ ஆட்டத்தில் இக்கட்டு வந்தால் அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

"மாட்டுப்பா. பாக்க முடியல."

"பல்லக் கழட்டுனாத்தான் மூளைக்குக் காத்து போகுது கிளீனரே."

நாலு வருஷத்துக்கு முன்னால், வெளியூர் போகிற பாதையில் திடீரென்று அவருடைய வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அப்போதும் அந்த மனுஷன் வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டரைப் போட்டு, இடது கையால் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் சாய்ந்தார். பிழைத்தார். கால் திரும்பி வந்தது, பேச்சு திரும்பி வந்தது, கை மட்டும் முக்கால்வாசி வரவில்லை. லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். மாலையில் மகள் வேலை முடிந்து வந்ததும் ஆட்டம். அவர் இடது கையால் ஆடினார். இப்போது யாரும் எங்கேயும் போவதில்லை. அதனால் எல்லா ஆட்டத்தையும் முடித்தார்கள். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பலகை பாதியில் நிற்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. இரண்டு நாள் ரயிலில் போகிற தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. விபத்திலும் நோயிலும் தாடையை இழந்தவர்களுக்குப் பல்லோடு சேர்த்துத் தாடையும் செய்து பொருத்துகிறார்கள். அந்த வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் இருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்த விளக்கடியில் உட்கார்ந்தபடி, இந்த மாதிரி ஒரு வேலை வாழ்க்கையில் கிடைக்குமா என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த வேலை.

கடிதத்தை மெழுகு டப்பாவுக்குள் ஒளித்தாள். முப்பத்தைந்து வயதில் மறுபடி ஒரு ஒளித்துவைக்கிற வேலை. ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. பத்தாம் நாள் அப்பா பல்லைச் சரிபார்க்கக் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் எதார்த்தமாகக் கேட்டுவிட்டார், "மகள் எப்பக் கிளம்புறாங்க?" என்று.

அப்பா வீட்டுக்கு வந்து அவள் வருகிற வரை வாசலிலேயே நின்றார்.

"நான் தடுப்பேன்னு நெனச்சியா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு ஒளிச்ச?"

அவள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். "உன்ன யாரு பாத்துப்பா?" என்று கேட்டாள்.

"நான் என்ன கைக்குழந்தையா? உன் அத்தைய வரச் சொல்றேன். அவளுக்கும் அங்க மருமகளோட தெனம் சண்டைதான். இங்க வந்து என்னோட போடட்டும். நீ போ."

வாயால் போ என்றார். அத்தையும் அடுத்த வாரமே இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, ஒரு மாலை வழக்கம்போல் பலகையைப் போட்டார்கள்.

மூன்றாவது காயிலேயே மகளுக்கு என்னவோ போல் இருந்தது. அப்பா தன் மூடியைத் தள்ளி, அவள் வெட்டுகிற இடத்தில் நிறுத்தினார். வெட்டினாள். இன்னொன்றை நிறுத்தினார். பல்லைக் கழற்றவில்லை, யோசிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஐந்து வயசில் அவள் அழ அழ வெட்டிய மனுஷன்.

"என்னப்பா பண்ற?"

"ஆடு."

பத்து நிமிஷத்தில் அவரிடம் ஒரு காய்கூட இல்லை. அவரே மூடிகளை இடது கையால் வாரி டின்னில் போட்டு, டின்னை அழுத்தி மூடினார்.

"முடிஞ்சுது. ஒரு பாக்கியும் இல்ல. நீ நிம்மதியாப் போ."

பார்த்துக்கொண்டிருந்த அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு ஊருக்குப் போறான்னு எப்படி விட்டுக்குடுக்குறாரு பாரு, அண்ணனுக்குத் தங்கமான மனசு" என்றாள். மகள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அந்த வீட்டில் ஆட்டத்தை முடித்துவிட்டால் என்ன அர்த்தம் என்று அத்தைக்குத் தெரியாது. திரும்பி வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். நீ வருகிறபோது நான் இருக்கமாட்டேன், அதனால் கணக்கை இன்றைக்கே தீர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவள் டாக்டரிடம் போய், நான் போகவில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அவர், "ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லும்மா" என்று அனுப்பிவிட்டார்.

அந்த மூன்று நாளும் டின்னை யாரும் திறக்கவில்லை. சாயங்காலம் வந்தால் அவர் ஜன்னலைப் பார்த்து உட்காருவார், அவள் துணியை மடித்துக்கொண்டிருப்பாள்.

கிளம்புகிற காலையும் வந்தது. பை வாசலுக்குப் போயாயிற்று. காலில் செருப்பும் மாட்டியாயிற்று. வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. மகள் வாசல் வரை போனவள், திரும்பி வந்து டின்னைத் திறந்தாள். பலகையை அவர் மடியில் வைத்து, மூடிகளை அடுக்கினாள். அவருடையது நேராக, அவளுடையது மல்லாக்க.

"முடிஞ்சு போன ஆட்டம் அது" என்றார்.

"அதுல நீ ஏமாத்துன. தோத்துக் குடுத்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அது செல்லாது." ஒரு காயைத் தள்ளினாள். "ஆடுப்பா. கார் நிக்குது."

அவர் அசையவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது. அத்தை, "ரயிலு போயிடும்டி" என்றாள். மகள் அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள், அன்றைக்கு லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து இடது கை நகர்ந்தது. அவர் ஒன்று வைத்தார், அவள் ஒன்று வைத்தாள். ஏழெட்டுத் தடவை அப்படிப் போயிற்று. பிறகு அவர் நிறுத்தினார். பல் செட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அவளுக்கு உயிர் வந்தது. யோசிக்கிறார்.

யோசித்து முடித்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையைத் தூக்கினார். அது தன் இஷ்டத்துக்கு ஆடியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. ஒரு மூடியை விரலால் தள்ளித் தள்ளி அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். நடுங்கிய கை அதைத் தப்பான இடத்தில்தான் நிறுத்தியது; பின்னால் இரண்டு காய் வெட்டுக்குத் திறந்து கிடந்தன. அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள். எதிர்வாசலில் நின்ற மாவு மில்காரியும் பார்த்தாள். ரிவர்ஸ் கிடையாது.

"வெச்சுட்டியாப்பா?"

"வெச்சுட்டேன்."

"அப்ப என் காய் நிக்குது." அவள் எழுந்தாள். "வேற யாரும் தொடக்கூடாது."

அவர் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டார். பலகையை ஆடாமல் அசையாமல் தூக்கி ஜன்னல் திண்டில் வைக்கச் சொல்லி அத்தைக்குக் கண்ணைக் காட்டினார்.

"உன் அத்தை தூசி தட்டுறேன்னு வாரிட்டா?"

"ஒவ்வொண்ணாத் தூக்கித் தொடைக்கச் சொல்லிட்டுப் போறேன்."

"வாரினாலும் பரவால்ல. எனக்கு ஞாபகம் இருக்கும். உன்ன மாதிரி நான் ஒண்ணு கூடுதலா வெச்சுக்க மாட்டேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டி வாசலைத் தாண்டினாள்.

மாவு மில்காரி தெருவை அடைத்து நின்றிருந்தாள். "என்னடி, அப்பனோட ஆட்டம் முடிஞ்சுதா?"

"இல்லக்கா" என்றாள் பல்லுக்காரி, கார்க் கதவைத் திறந்துகொண்டே. "பாதியில இருக்கு."